பன்னிரண்டாம் நிமிஷத்துச் சிவப்புக் கோடு

ஜூன் 3

வாண்டுவுக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது மக்கர் பண்ணுகிறது, வாய் வழக்கம்போல நன்றாக வேலை செய்கிறது. உன் அண்ணிக்கு இருமல் விட்டுவிட்டது. மகள் வெளியூர் போய் இரண்டு மாதம் ஆகிறது, சௌக்கியமாம். உன் உடம்பு எப்படி? நாள் முழுக்க லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு உட்காராதே. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் தங்கைக்கே கண் போச்சு என்றால் என் வியாபாரம் என்ன ஆகும்?

விஷயம் இதுதான். பீரோவைத் துடைத்தபோது, அப்பா போன பிறகு யாரும் கட்டாத அவர் வாட்ச் கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா, பக்கவாட்டில் இரண்டு பொத்தான் வைத்தது. மேல் பொத்தானை அழுத்தினால் நடுவில் உள்ள நீள முள் ஓட ஆரம்பிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தான் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். க்ரோனோகிராஃப் வாட்சைப் பற்றி உனக்கே பாடம் எடுக்கிறேன் பார்! சாவி கொடுத்தேன், ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடுகிறது. சரி பண்ணி மகளுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அக்டோபரில் அவள் பிறந்தநாள் வருகிறது.

எதிர்க்கடை வாட்ச்காரரிடம் காட்டினேன். திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "சார், தப்பா நினைக்காதீங்க. இது ஒரு வாட்ச் இல்ல, நாலு வாட்சோட கூட்டணி. பொத்தான் வேற, முள் வேற. டயல்ல எவனோ கோடு கோடா இழுத்து வெச்சிருக்கான். இதே மாடலுக்கு சுத்தமான டயல் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, மாத்திடலாம்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய வாட்சின் பூர்வீகம் பார்ப்பதுதானே உன் உத்தியோகம்? கடை லென்ஸ் வழியாகப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எது வாட்சோடு பிறந்தது, எது நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல். போன் வேண்டாம், எழுது. போனில் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 17

கண்ணாடிக்காரருக்கு வணக்கம். நான் நலம். கண்ணும் நலம். அம்மாவைப் படி ஏற விடாதே, வேண்டியதைக் கீழே கொண்டுவந்து கொடு. அண்ணிக்கு என் அன்பு.

உன் படங்களை ஏலக் கம்பெனிக்கே கொண்டுபோய், மதிய இடைவேளையில் பெரிய லென்ஸுக்கு அடியில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பக்கத்து மேஜை கிளிமூக்கர் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். நான் விடவில்லை, இது எங்கள் குடும்ப வழக்கு.

வாட்ச்காரர் பாதி சரி, பாதி தப்பு. கீழ்ப் பொத்தான் ஒல்லியாக நீளமாக இருக்கிறது, அது வாட்சோடு பிறந்தது. மேல் பொத்தானுக்குக் காளான் மாதிரி தலை, அது வேறு மாடலுடையது. அழுத்தி அழுத்தித் தேய்ந்த பொத்தானைத்தான் மாற்றுவார்கள். ஆக, அப்பா இதைச் சும்மா கட்டிக்கொண்டு திரியவில்லை, போட்டு உழைத்திருக்கிறார். நடுவில் ஓடும் நீள முள்ளும் வந்தேறிதான், அதன் நுனி விளிம்பில் உள்ள நொடிக்கோடுகளைத் தொட வேண்டும், ஒரு மயிரிழை குட்டையாக நிற்கிறது பார். மணி முள்ளும் நிமிஷ முள்ளும் அசல். இருட்டில் ஒளிர்வதற்காக அவற்றில் பூசிய மருந்தும் டயல் எண்களில் உள்ள மருந்தும் ஒரே பிஸ்கட் நிறத்துக்குப் பழுத்திருக்கின்றன. சேர்ந்து பிறந்தவை சேர்ந்தே வயசாகும்.

இப்போது டயல். வலது பக்கம் சின்ன வட்டம் இருக்கிறதே, ஓடிய நிமிஷங்களை முப்பது வரைக்கும் எண்ணுவது. அதில் மூன்று, ஆறு, ஒன்பதாம் நிமிஷக் கோடுகள் மட்டும் நீளமாக இருக்கின்றன. இது எவனோ இழுத்தது இல்லை, தொழிற்சாலையிலேயே அச்சடித்தது. இந்த மாடல் பல ரகத்தில் வந்தது. சிலவற்றில் டாக்டர்கள் நாடி பார்க்க ஒரு அளவு இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது, சிலவற்றில் இந்த நீளக் கோடுகள். எதற்கு என்று நினைக்கிறாய்? போன் பேசுவதற்கு! அந்தக் காலத்து வெளியூர் டிரங்க் கால் மூன்று மூன்று நிமிஷமாகத்தானே கணக்கு.

ஆனால் பன்னிரண்டாம் நிமிஷத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அப்படி ஒரு ரகத்தை நான் பார்த்ததே இல்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார், அது டயலின் வார்னிஷுக்கு அடியில் இருக்கிறதா, மேலே உட்கார்ந்திருக்கிறதா? தெரியும்வரை வாட்ச்காரரிடம் கொடுத்துவிடாதே.

அப்புறம், மகளைப் பற்றி 'சௌக்கியமாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதே, என்ன சமாச்சாரம்?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
வாண்டு


ஜூலை 1

என் தங்கைக்கு. உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். அம்மா இப்போது கீழ் அறைக்கு வந்துவிட்டாள், மாடிக்கு அதிகாரம் செலுத்தக் குரல் மட்டும் போகிறது.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக் கோடுகள் வார்னிஷுக்கு அடியில், அச்சு சுத்தம். சிவப்பு மேலே உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய தூரிகையால் போட்டது, ஆரம்பத்தில் தடித்து முடிவில் இளைத்திருக்கிறது. கை நடுங்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட கோடு. நான் போட்டால்கூட இவ்வளவு நேராக வராது.

ஆனால் போன் என்று எழுதினாயே, அங்கேதான் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் போனுக்கும் ஏழாம் பொருத்தம். நான் கண்ணாடித் தொழில் படிக்கப் போனபோது நீ சின்னப் பெண், உனக்கு முழுதாகத் தெரியாது. அவர் சைக்கிள் பந்தய மைதானத்தில் நேரம் குறிப்பவர், மகன் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவர் கனவு. நான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ரயில் ஏறினேன். அன்றோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஞாயிறு தவறாமல் வீட்டிலிருந்து ஹாஸ்டலுக்கு டிரங்க் கால் வரும். அம்மா பேசுவாள், நீ பள்ளிக்கூடத்துப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடி உயிரை வாங்குவாய். அப்புறம் லைன் கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்துகொண்டிருந்துவிட்டுக் கட்டாகும். நாலு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'என்னடா', பேசவில்லை. கல்லுளிமங்கன் என்றால் அவர்தான்.

அம்மா அப்படி இல்லை. அம்மாவிடம் நான் எந்தக் குறையும் சொன்னதில்லை, 'நல்லா இருக்கேம்மா' என்பதோடு சரி. ஆனாலும் அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ! என் ஷூ ஓட்டையாகி மழைத்தண்ணீர் ஏறிய மாதம் புது ஷூ வந்தது, அளவு கச்சிதம். பல் வலித்தபோது மருந்து வந்தது. பெற்றவளுக்குத் தெரியும் என்று சும்மாவா சொல்கிறார்கள்?

ஆகவே போன் கதையை விடு. வேறு யோசி.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 12

அன்பு அண்ணனுக்கு. நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில் போய் மழை வந்துவிட்டது, எனக்குத் தும்மலும் வந்துவிட்டது. கவலைப்படாதே, தும்மும்போது முட்களைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. ஒருமுறை வைத்திருந்து, கிளிமூக்கரின் தேநீரில் தேடி எடுத்தோம்.

என் பாட்டைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து விமர்சனமா? இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு நிமிஷம் என்னைத் தூங்க விடவில்லை. எதற்கு ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் வேண்டும்? முட்டை வேகவா? கிளிமூக்கரைக் கேட்டேன், "பன்னண்டு நிமிஷம் வெந்தா அது முட்டை இல்லம்மா, ரப்பர் பந்து" என்றார். ஏதாவது பன்னிரண்டு நிமிஷப் பந்தயம் இருந்ததா? அப்பாவோடு மைதானத்தில் வேலை பார்த்த தொப்பி மாமா தன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள உன் கடைக்கு வருவார் என்று எப்போதோ எழுதியிருந்தாயே, அவரைக் கேள். அந்தச் சிவப்பு என்ன பெயின்ட் என்றும் கேள்.

எங்கள் மேஜைக்கு வரும் வாட்சில் யாராவது ஒரு புள்ளி வைத்திருந்தால்கூட 'பின்னால் சேர்த்தது' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பேன். ஏன் வைத்தான் என்று இதுவரை கேட்டதில்லை. இது நம் அப்பா வைத்தது என்பதால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மகளைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. நீ அவளோடு பேசுகிறாயா இல்லையா? பூசி மெழுகாமல் சொல்.

விடாக்கண்டி,
வாண்டு


ஜூலை 27

வாண்டுவுக்கு. உன் தும்மல் நின்றதா? வெந்நீர் குடி. இங்கே நலம்.

தொப்பி மாமா வந்தார். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வாட்சைக் காட்டினேன். "அட, ஞாயித்துக்கெழம வாட்சு!" என்றார். எனக்குப் புரியவில்லை. "மைதானத்துக்கு உங்கப்பா இத ஒருநாளும் கொண்டாந்ததில்லப்பா. அங்க ஆபீஸ் கடிகாரம் இருந்துச்சு, தட்டு மாதிரி பெருசா. இத ஞாயித்துக்கெழம மட்டுந்தான் கட்டுவாரு. எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டா, வேலையப் பாருன்னுவாரு" என்றார். பன்னிரண்டு நிமிஷப் பந்தயம் எதுவும் இல்லையாம். ஆனால் சிவப்பைப் பார்த்ததும் சொல்லிவிட்டார், அது பந்தயம் முடியும் இடத்தில் தரையில் கோடு போடுகிற பெயின்ட். வருஷா வருஷம் அப்பாதான் கோடு போடுவாராம்.

ஆக, போட்டது அப்பா என்பது உறுதி. எதற்கு என்பதுதான் தெரியவில்லை. அம்மாவிடம் வாட்சைக் கொடுத்துக் கேட்டேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இன்னும் அழியலையா இது?" என்றாள். "என்னம்மா கோடு அது?" என்றதற்கு, "எனக்கென்ன தெரியும், அடுப்பில பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

மகளைப் பற்றிக் கேட்கிறாய். சரி, சொல்கிறேன். கண் டாக்டர் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு ரொட்டி சுடக் கற்கப் போகிறேன் என்றாள். 'போ' என்றேன். போனாள். ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது, உன் அண்ணி பேசுகிறாள், அம்மா பேசுகிறாள். இதற்கு மேல் இதைக் கேட்காதே.

வாட்ச்காரர் அவசரப்படுத்துகிறார், அந்தச் சுத்தமான டயலை வேறு ஒருவர் கேட்கிறாராம். பெண்ணுக்குக் கொடுப்பதைக் கறையோடு கொடுப்பானேன் என்று எனக்கும் தோன்றுகிறது. பத்து நாள் பார்ப்பேன். அதற்குள் நீ ஏதாவது உருப்படியாகச் சொல்லவில்லை என்றால் மாற்றிவிடுவேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அண்ணா, நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். டயலை மாற்றாதே. மாற்றாதே. மாற்றாதே.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச் என்று தொப்பி மாமா சொன்னதைப் படித்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன். டிரங்க் கால் பூத்துக்கு நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமைதானே? நீ போனின் அந்தப் பக்கம் இருந்தாய், நான் இந்தப் பக்கம் இருந்தேன். இந்தப் பக்கம் நடந்ததை உனக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

கண்ணாடிக் கதவு வைத்த கூண்டு. அம்மா முதலில் உள்ளே போவாள். அப்பா வெளியே வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றாம் நிமிஷம் கண்ணாடியில் ஒரு விரலால் தட்டுவார், ஆறாம் நிமிஷம் இரண்டு விரல். அம்மா வெளியே வந்து என்னை உள்ளே தள்ளுவாள். நான் பாடுவேன் (இழுத்து இழுத்து!). ஒன்பதாம் நிமிஷம் அப்பா கதவைத் திறந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொள்வார். வைக்கமாட்டார், அண்ணா. வாங்கிக்கொள்வார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். அம்மா எனக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்து ரோட்டுப் பக்கம் திருப்பிவிடுவாள். "அப்பா உள்ள என்ன பண்றாரு?" என்று கேட்டால், "கணக்கு முடிக்கிறாரு" என்பாள்.

இத்தனை வருஷமும் அதை நம்பிக்கொண்டிருந்தேன் பார், இவள்தான் பெரிய வாட்ச் பரிசோதகி! பணம் வாங்கிக் கணக்கு முடிக்கும் ஆள் கூண்டுக்கு வெளியே மேஜை போட்டல்லவா உட்கார்ந்திருந்தார்?

ஒருநாள் மிட்டாய் பிடிக்காமல் திரும்பிப் பார்த்தேன். ரிசீவர் அவர் காதில் இருந்தது. பக்கவாட்டில் தெரிந்த தாடை அசையவே இல்லை. மறு கையில் உள்ள வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தொழிற்சாலைக்காரன் ஒன்பதோடு நிறுத்திவிட்டான். அடுத்த மூன்று நிமிஷத்துக்குக் கோடு இல்லை.

ஒரே ஒரு கேள்வி. என் பாட்டு முடிந்த பிறகு உனக்கு அந்தப் பக்கம் என்ன கேட்டது?

வாண்டு


ஆகஸ்ட் 7

வாண்டுவுக்கு. அனைவரும் நலம். தும்மல் போயிருக்கும் என்று நம்புகிறேன். உன் பதில் இன்னும் வரவில்லை, பரவாயில்லை, விஷயம் முடிந்துவிட்டது.

நேற்று வாட்ச்காரர் டயலை மாற்றிக் கொடுத்தார். அடடா, பார்க்க வேண்டுமே! நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கிறது. மூன்று, ஆறு, ஒன்பது நீளக் கோடுகள் உள்ள டயல்தான், நீ சொன்ன ரகமே. நான் விட்டுக்கொடுக்கவில்லை, "இதெல்லாம் அச்சடிச்சது சார், என் தங்கச்சி சொல்லியிருக்கா" என்று அவர் வாயை அடைத்தேன். சிவப்பு மட்டும் இல்லை. பழைய டயலை அவரிடமே விட்டுவிட்டேன், அவருக்கு ஏதாவது உதவும்.

அம்மாவிடம் காட்டினேன். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழங்கால் வலியாக இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 29

அன்பு அண்ணனுக்கு. நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன. என் கடிதம் உனக்குக் கிடைத்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணிக்கு எழுதிக் கேட்டேன், "கடைக்குப் போறார், வர்றார், வாட்ச்காரரோட கடையிலயே பழியாக் கெடக்கிறார்" என்று பதில் போட்டிருக்கிறாள். வாட்ச்காரரோடு என்ன சண்டை? அடித்துக்கொள்ளாதே. அவர் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

வாண்டு


செப்டம்பர் 9

என் அருமை வாண்டுவுக்கு. நான் நன்றாக இருக்கிறேன். நடுவில் இருக்கவில்லை, இப்போது இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் படித்தேன். ரிசீவரை வைக்கமாட்டார், வாங்கிக்கொள்வார் என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாடிக்கையாளர் எதிரே நெஞ்சு குலுங்க அழுதேன். அவர் பாவம், "என் கண்ணு அவ்ளோ மோசமா சார்?" என்று பயந்துவிட்டார்.

என்ன கேட்டது என்று கேட்டாயே. ஒன்றும் கேட்கவில்லை. லைன் இரையும், அவ்வளவுதான். நீ வைத்துவிட்டாய், ஆபரேட்டர் வெட்ட மறந்துவிட்டார் என்று நினைப்பேன். ஆனால் நான் போனை வைக்கமாட்டேன். அந்த இரைச்சல் நம் ஊரிலிருந்து வருகிறதே என்று காதில் வைத்துக்கொண்டிருப்பேன். யாரும் இல்லாத லைன்தானே என்று அதனோடு பேசுவேன், வாண்டு. அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்வேன். ஷூவில் தண்ணீர் ஏறுகிறது என்று சொன்னேன். பல் வலி உயிர் போகிறது என்று சொன்னேன். ஊருக்கு வந்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒருநாள் அழுதேன். அப்பாவைத் திட்டினேன். "பிடிவாதம் பிடிச்ச மனுஷன், அந்தப் பந்தயக் கோட்டுலயே நின்னு சாகட்டும்" என்று திட்டினேன். ஒருமுறை இல்லை, எத்தனையோ ஞாயிறு.

அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த ஞாயிறும் வந்து நின்றிருக்கிறார். தன் முறை எப்போது முடியும் என்று தெரிய ஒரு கோடு போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

நேரே போய் அம்மா முன்னால் உட்கார்ந்தேன். "ஷூ அனுப்பினது யாரு?" என்றேன். இந்தத் தடவை அவள் அடுப்பைத் தேடிப் போகவில்லை. "கூண்டை விட்டு வெளிய வந்ததும் ஏதாவது ஒண்ணு கேப்பாரு. அவனுக்கு ஒம்பதாம் நம்பருதானேம்பாரு. பல்லு மருந்து எங்க கிடைக்கும்பாரு. உனக்கு எப்படித் தெரியும்னு நான் கேட்டதில்ல. பேசிட்டாராக்கும்னு நினைச்சேன்" என்றாள். "பேசவே இல்லம்மா" என்றேன். அவளுக்கும் அது தெரியாது பார். "தான் வாங்கினதா உங்கிட்ட சொல்லாதேன்னாரு, நானும் விட்டுட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஊர் திரும்பிக் கடை வைத்த பிறகு என்னிடம் கண்ணாடி போட்டுக்கொள்ள வந்த அப்பா, "எழுத்து தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுவே அவருக்குப் பெரிய பேச்சு என்று இப்போது நினைக்கிறேன்.

டயலைத் தேடிப் போனேன். வாட்ச்காரர் கழித்த டயல்களை எல்லாம் ஒரு பெரிய தகர டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார். "ஐயோ சார், கெட்டுப்போன டயல் சார் அது, அதுக்கா இந்த அமர்க்களம்?" என்றார். விவரம் சொன்னேன். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, டப்பாவைத் துணியில் கவிழ்த்துத் தானும் உட்கார்ந்துவிட்டார். நாள் தவறாமல் சாயங்காலம் தேடினோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு, என் கண்ணே மங்கிப்போனது. போன வியாழக்கிழமை அவர்தான் கத்தினார், "சிவப்பு சார்! சிவப்பு!" அந்தக் கோடு மட்டும் இல்லாமலிருந்தால் எது நம்முடையது என்று சத்தியமாகச் சொல்லியிருக்க முடியாது.

திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். ஒரு மூலையில் கீறல் விழுந்திருக்கிறது. இருக்கட்டும்.

உன்,
அண்ணன்


செப்டம்பர் 18

என் அண்ணனுக்கு. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கிளிமூக்கர், "வீட்ல ஏதாவது...?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் லென்ஸைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு, "நாம ஒட்டுற சீட்டுல இதுக்கெல்லாம் இடமே இல்லையேம்மா" என்றார்.

மேல் பொத்தான் எப்படித் தேய்ந்தது என்று இப்போது தெரிகிறது. அசல் பொத்தான் ஒன்று என் வசம் இருக்கிறது, ஆனால் அனுப்பமாட்டேன். அந்தக் காளான் அங்கேயே இருக்கட்டும்.

அம்மாவின் கையைப் பிடித்து நான் முத்தம் கொடுத்ததாகச் சொல். அண்ணிக்கு அன்பு.

இனி நீ கேட்காதே என்று சொன்னதைக் கேட்கப் போகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மகளின் போன் வருகிறது. அண்ணி பேசுகிறாள், அம்மா பேசுகிறாள். அப்போது நீ எங்கே நிற்கிறாய்?

வாண்டு


அக்டோபர் 6

வாண்டுவுக்கு. நாங்கள் எல்லோரும் நலம். மகளும் நலம். இது கேள்விப்பட்டு எழுதுவது இல்லை.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டாயே. ஹால் கதவுக்குப் பக்கத்தில், காலண்டரைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு வாரமும் அங்கேதான். அவள் என்ன சொல்கிறாள் என்று உன் அண்ணியின் பதில்களை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன்.

நேற்று அவள் பிறந்தநாள், ஞாயிறும் கூட. அப்பாவின் வாட்சைக் கட்டிக்கொண்டு நின்றேன். மணி அடித்ததும் மேல் பொத்தானை அழுத்தினேன், ஏன் என்று கேட்காதே. உன் அண்ணி பேசினாள். அம்மா பேசினாள். பேசி முடித்துவிட்டு அம்மா ரிசீவரை வைக்கவில்லை. என் பக்கம் நீட்டினாள். முகத்தில் ஒன்றுமில்லை, சும்மா நீட்டிக்கொண்டே இருந்தாள்.

வாங்கிக்கொண்டேன். காதில் வைத்தேன். வாய் வரவில்லை வாண்டு, சத்தியமாக வரவில்லை. என்னவெல்லாமோ சொல்லலாம் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன், எல்லாம் போயிற்று. அவள், "பாட்டி? ஹலோ?" என்றாள். அப்புறம், "அம்மா?" என்றாள். அப்புறம் சும்மா இருந்தாள். வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். இந்தப் பயம் அப்பாவுக்கும் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு வருஷமும் நான் வைக்காமல் இருந்தேனே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்பா, மூச்சு விடுறது கேக்குது. நீங்கதானே?" என்றாள்.

"ஷூல தண்ணி ஏறுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னப்பா?"

"இல்ல... ரொட்டி சுடுற எடத்துல தரையெல்லாம் கழுவி விடுவாங்கள்ல. ஷூ நனையுதான்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "நனையுதுப்பா. வந்த நாள்லேர்ந்து நனையுது. அம்மாகிட்ட சொல்லல" என்றாள்.

"எத்தனாம் நம்பரும்மா நீ போடுறது?" என்றேன். பெற்ற பெண்ணின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை பார். ஆறாம் நம்பராம். அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாவு பிசைவது எப்படி என்று நிறையச் சொன்னாள், நான் 'ம்' கொட்டினேன். வாட்சை அனுப்புகிறேன் என்றதற்கு, "தபால்ல வேண்டாம், நீங்களே கொண்டுவாங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போனை வைத்த பிறகுதான் கையைப் பார்த்தேன். நிறுத்தவே மறந்திருக்கிறேன். சின்ன வட்டத்து முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நிறுத்த மனசு வரவில்லை, அப்படியே ஓட விட்டுவிட்டேன்.

கடைத்தெருவுக்குக் கிளம்புகிறேன், ஷூ வாங்க வேண்டும். அடுத்த ஞாயிறு உனக்கும் போன் பண்ணுகிறேன், வீட்டில் இரு. ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பாட்டுப் பாடக் கூடாது.

உன்,
அண்ணன்